இருட்டுக்கு ஓர் அறை

பியூஸ் போன பல்பை யாரும் குப்பையில் எறியாத காலம் ஒன்று இருந்தது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் மட்டுமல்ல, காவிரிக் கரையிலும் கொங்கு நாட்டிலும் சிறு பையன்களாக இருந்தவர்களுக்கும் அந்த வேலை இன்னும் கைகளில் நினைவிருக்கும். பல்பின் அடியில் இருக்கும் கறுப்பு அரக்கை ஆணியால் நெம்பி எடுக்க வேண்டும்; உள்ளே நிற்கிற கண்ணாடித் தண்டைப் பக்குவமாகத் தட்டி உடைக்க வேண்டும்; கம்பியையும் சில்லையும் உதறிக் கொட்டிவிட்டு வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான், லென்ஸ் தயார். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு பிலிம் துண்டைப் பிடித்து, பின்னாலிருந்து வெயிலை விழவைத்தால் எதிர்ச் சுவரில் படம் விழும். நேற்று ராத்திரி கொட்டகையில் பார்த்த அதே முகம், அதே மீசை, அதே வாள், எங்கள் வீட்டு வேட்டியில்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். இருட்டுக்கும் பஞ்சமில்லை. பழைய வீடுகளில் தலைவாசல், நடை, பட்டாசாலை, அரங்குவீடு என்று எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அரங்குவீட்டுக்குச் சன்னல் கிடையாது. பருப்புப் பானையும் வெண்கலப் பாத்திரமும் அடைந்து கிடக்கும் அந்த அறைக்குள் பட்டப்பகலில் போனாலும் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் எது எங்கே இருக்கிறது என்று கண் சொல்லும். பெரியப்பா மகன் தெருவில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு குத்தவைத்து உட்கார்ந்து, வெயிலைப் பிடித்து நான்கு வாசல் தாண்டி உள்ளே அனுப்புவான். அரங்குவீட்டுக் கதவில் சாக்கைத் தொங்கவிட்டு, அதன் நடுவில் செருப்பு டப்பாவைச் செருகியிருப்போம். டப்பாவுக்குள் பிலிம், அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பல்பு. சூரியன் நிற்கிற ஆளா? கொஞ்ச நேரத்தில் வேட்டியின் மேல் விளிம்புக்குப் படம் ஏறிவிடும். "அண்ணே, படம் மேல போயிட்டு, கண்ணாடியச் சாய்ங்க!" என்று உள்ளிருந்து எல்லோரும் கத்துவோம். அனுமதிக் கட்டணம் இரண்டு தீப்பெட்டிப் படம். தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊரில் அதுதான் எங்கள் நாணயம்.

பிலிமைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் ஆள் நேராக நிற்பார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டிக்கடையில் காசுக்கு வாங்கிய அந்தத் துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி எத்தனை பிற்பகல்கள் போயின! ஒரு கட்டத்துக்கு இந்தப் பக்கம் நான்கு துளை, அந்தப் பக்கம் நான்கு துளை. படத்தை ஒட்டி ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, ஓரிடத்தில் ஒடுங்கியும் ஓரிடத்தில் பல் பல்லாக விரிந்தும் ஓடும். அந்தக் கோடுதான் குரல், அந்தப் பற்கள்தான் வசனமும் பாட்டும் என்பது பல வருடங்கள் கழித்துத் தெரிந்தபோது, கையில் வைத்திருந்த பாட்டுகளை எல்லாம் கேட்காமலே விட்டுவிட்டோமே என்று தோன்றியது. எங்கள் சினிமாவுக்குக் குரல் கொடுத்தது சித்தப்பா மகன்தான். அசையாத படத்துக்குச் சண்டை, அழுகை, குதிரைக் குளம்பு எல்லாவற்றையும் அவன் ஒருவனே தொண்டையால் ஓட்டினான்.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம், மதுரையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில், 12 அடிக்கு 10 அடி உள்ள நடு அறையில், கையிலிருந்த சிறு தொகைக்குள் ஒரு புரொஜெக்டர் வாங்கி வைத்ததுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் ஏதேதோ வாங்கித் தருகிறார்கள்; இது மட்டும் நானே பார்த்து, நானே விசாரித்து, நானே வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்தச் சந்தையில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர், இருட்டைப் பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை என்று.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் லூமென் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். ஐந்தாயிரம், பத்தாயிரம், இருபதாயிரம் என்று அது ஏறிக்கொண்டே போகும். விலையோ ஏறாது. அப்படியென்றால் அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, ஆன்சி லூமென் எவ்வளவு என்று ஒரே கேள்வி கேட்க வேண்டும். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்துச் சொல்கிற கணக்கு அது. அதைச் சொல்லாத பெட்டியை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது கேள்வி, நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு? '1080பி சப்போர்ட்' என்று எழுதியிருந்தால் அந்த அளவுப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள்; உள்ளே இருக்கும் தகடு 800-க்கு 480 புள்ளிதான் காட்டும் என்றால் சுவரிலும் அவ்வளவுதான் விழும். 1920-க்கு 1080 என்று நேட்டிவாகவே இருந்தால் புள்ளிகள் இருபது லட்சத்தைத் தாண்டும். பெரிய திரையில் எழுத்து கூர்மையாக வர இதுதான் வேண்டும்.

வெளிச்சம் எவ்வளவு தேவை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. திரையரங்குகளுக்கு உலகம் முழுவதும் வகுத்து வைத்திருந்த பழைய அளவு 16 ஃபுட்-லாம்பர்ட். அதாவது, சாதாரண வெள்ளைத் திரையின் ஒவ்வொரு சதுர அடியிலும் 16 லூமென் விழ வேண்டும். 100 அங்குலத் திரை என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். பரப்பு 30 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கிப் பாருங்கள், ஐந்நூறைக்கூடத் தொடவில்லை. நிஜமான 500 லூமென் இருந்தால், நல்ல இருட்டில், பத்தடி அறையில் ஒரு தியேட்டரின் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. 100 அங்குலத்தை 80 ஆகச் சுருக்கினால் அதே கருவியின் வெளிச்சம் ஒன்றரை மடங்காகத் தெரியும். பணம் குறைவாக இருப்பவர் திரையைச் சின்னதாக்கலாம், இருட்டைப் பெரிதாக்கலாம், இரண்டுக்கும் செலவில்லை.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ்காரர் இந்தக் கணக்கைப் படித்திருக்கமாட்டார், ஆனால் இருட்டின் விலை அவருக்குத் தெரியும். டெண்டுக் கொட்டகையில் பகல் காட்சி கிடையாது. கீற்று இடுக்கிலும் பக்கத்துத் தட்டியிலும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் திரையில் எதுவும் தெரியாது என்பதால், முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைச் சூரியன்தான் முடிவு செய்வார். மார்கழியில் சீக்கிரம், ஆனியில் தாமதம். அந்திக்கருக்கலில் கொட்டகையின் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு எழும்பினால் அது ஊர் முழுவதற்கும் மணி. சோறு வடிக்கிறவர்கள் அவசரமாக வடிப்பார்கள். காட்டிலிருந்து வருகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். எங்களுக்குப் பாட்டு முடிவதற்குள் தரை டிக்கெட்டுக்குக் காசு தேறியாக வேண்டும். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தாரே, அவரும் பொழுது சாய்வதற்காகக் காத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். சினிமா என்ற தொழில் எங்கள் மண்ணுக்கு வந்த வழியே ஒரு மனிதர் வாங்கிய ஒரு கருவியால்தான் என்பதை நினைக்கும்போது, கடையில் புரொஜெக்டரைக் கையில் எடுத்துப் பார்க்கிற எவரையும் நான் இப்போது மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் வெளிச்சம்தான் அரிய பொருள். ஆப்பரேட்டர் அறைக்குள் எட்டிப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்த ஒரே ஒரு முறை, கறுப்புக் கண்ணாடி வைத்த சிறு துவாரத்தின் வழியே அந்த ஜ்வாலையைப் பார்த்தேன். செம்பு பூசிய இரண்டு கரிக்குச்சிகள், ஒன்றையொன்று தொடாமல் நுனிக்கு நுனி நின்று, இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். ஆப்பரேட்டர் மாமா கைப்பிடியைத் திருகித் திருகி அதை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரையில் இருப்பவரின் முகம் மஞ்சளடித்து மங்கும். தரையிலிருந்து விசில் கிளம்பும். ஒரு மனிதர் விழித்திருந்தால்தான் படம் தெரியும் என்ற ஏற்பாடு அது. எரிந்து மிஞ்சிய கரிக்குச்சித் துண்டுகளைப் பையன்கள் பொறுக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதுவார்கள்.

இன்றைக்கு நான் வாங்கிய பெட்டியில் எல்இடி விளக்கு. 20,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள். தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தாலும் இருபத்தேழு வருடம். பழைய பாதரச விளக்கு வைத்த புரொஜெக்டர்களில் அது 3,000 முதல் 5,000 மணிதான். அலுவலகங்களும் கல்லூரிகளும் கழித்துப் போடும் அந்த வகைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குகிறவர்கள் மெனுவுக்குள் போய் விளக்கு ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துவிட்டு, மாற்று விளக்கின் விலையைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பலவும் பாடம் நடத்தப் பிறந்தவை, நாலுக்கு மூன்று அளவில் படம் காட்டும். டிஎல்பி என்ற வகை என் தொகைக்கு எட்டவில்லை. ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று படித்து முடித்த அன்று பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987-இல் கண்டுபிடித்த சில்லு அது: நகத்தளவு பரப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள்; ஒவ்வொரு கண்ணாடியும் இந்தப் பக்கம் சாய்ந்தால் சுவரில் ஒரு புள்ளி வெளிச்சம், அந்தப் பக்கம் சாய்ந்தால் இருட்டு; நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்கின்றன. "அண்ணே, தெருவுல நீங்க ஒரு ஆளு பார்த்த வேலைய இப்ப இத்தனை லட்சம் கண்ணாடி பார்க்குது" என்றேன். அவர் உடனே கேட்டார், "சாய்க்கச் சொல்லி உள்ள இருந்து கத்துறது யாருல?"

இப்போது இருட்டுக்கு வருகிறேன். எங்கள் நடு அறையில் இருட்டு இல்லை. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் இல்லை. சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு; முன்பு மஞ்சளாக இருந்தது, இப்போது வெள்ளை எல்இடி. எதிர்வீட்டு மாடியில் விடியவிடிய எரியும் ஒன்று. அறைக்குள்ளே இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி, இணையப் பெட்டியின் நீலப் புள்ளிகள், ஏசியின் எண்கள். நல்லதற்காக வந்த வெளிச்சங்கள்தான் எல்லாம். தெருவில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள், பாம்பு பல்லி தெரிகிறது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அரங்குவீட்டில் இலவசமாகக் கிடந்த ஒன்றை இப்போது மீட்டர் கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பிளாக்அவுட் திரைச்சீலைத் துணி எடுத்து, சன்னலைவிட இரு பக்கமும் அரையடி அதிகமாக, மேலே சுவரோடு ஒட்டி, கீழே தரையைத் தொடும்படி தைத்துப் போட்டேன். கம்பியின் மேலிடுக்கு வழியாகத்தான் பாதி வெளிச்சம் உள்ளே வரும், அதை அடைக்காமல் துணியில் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை.

ஏன் இத்தனை பாடு என்று வீட்டில் கேட்டார்கள். கறுப்பு நிறத்தைச் சுவரில் பாய்ச்ச எந்த விளக்காலும் முடியாது என்பதுதான் பதில். புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டுமே அனுப்ப முடியும். படத்தில் நாம் பார்க்கிற இரவும் நிழலும் கதாநாயகியின் கூந்தலும், வெளிச்சம் விழாமல் விடப்பட்ட சுவர்தான். அந்தச் சுவர் ஏற்கெனவே சாம்பல் பூத்து இருந்தால் படத்தின் இரவும் சாம்பல்தான். லூமெனைக் கூட்டி இதைச் சரிசெய்யலாம் என்று கடையில் சொல்வார்கள். கூட்டிய வெளிச்சம் வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து அதே நிழல்களின் மேல்தான் விழும். ஆகவே என் செலவுக் கணக்கில் முதல் இடம் இருட்டுக்கு. திரைச்சீலை, திரையைச் சுற்றி அடிக்கக் கறுப்பு வெல்வெட் பட்டை, கூரையில் முதல் நான்கடிக்கு அடர்ந்த சாம்பல் பெயின்ட். மூன்றாவதற்கு மட்டும் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.

திரை வாங்கவில்லை, சுவரையே திரையாக்கினேன். பெயின்ட் வேலைக்கு வந்த தம்பி பளபளக்கும் வகையைத்தான் சிபாரிசு செய்தார், துடைக்க வசதி என்று. அது வேண்டாம்; பளபளப்பு இருந்தால் புரொஜெக்டரின் கண்ணே சுவரில் தெரியும். மங்கலான மேட் வெள்ளைதான் வேண்டும். அதற்கும் முன்னால், சுவரின் மேல் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடித்துப் பாருங்கள், நேராகத் தெரிந்த சுவரில் எத்தனை மேடு பள்ளம் என்று தெரியும். பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி டார்ச் அடித்து, மறுபடி தேய்த்து, கையால் தடவினால் வழுவழுவென்று வருகிற வரைக்கும் அந்தத் தம்பி பொறுமையாகச் செய்துகொடுத்தார். பிறகு ரோலரால் இரண்டு பூச்சு. டெண்டுக் கொட்டகையில் திரை காற்றுக்குப் படபடக்கும். ராஜா வாளை உருவும் நேரம் பார்த்துக் காற்று வந்தால் வாளும் ராஜாவும் சேர்ந்து வளைவார்கள். அப்படி வளைகிற ராஜாவைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஆனால் இந்தச் சுவர் நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சினிமாஸ்கோப் படம் வந்தால் கொட்டகைக்காரர் லென்ஸை மாற்றுவார், திரையின் இரு பக்கமும் துணி சேர்ப்பார். தமிழில் முதல் ஸ்கோப் படமான 'ராஜ ராஜ சோழன்' 1973-இல் வந்ததிலிருந்து அகலமான திரை என்பதே ஊருக்கு ஊர் ஒரு பெருமையானது. வீட்டுப் புரொஜெக்டரின் சட்டம் 16-க்கு 9. ஸ்கோப் படம் ஓடினால் மேலும் கீழும் இடம் காலியாக நிற்கும். அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் ஓடினால் இரண்டு பக்கமும் காலி. கறுப்பு ஃபெல்ட் துணி ஒட்டிய இரண்டு அட்டைகள் செய்து வைத்திருக்கிறேன். எந்தப் படமோ அதற்கேற்ப மேல் கீழாகவோ பக்கவாட்டிலோ சாத்தி வைத்தால் படம் தன் எல்லைக்குள் கச்சிதமாக நிற்கிறது. இருநூறு ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலை, ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவியை மாற்றினாலும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

கருவியை எங்கே வைப்பது என்பதற்கு த்ரோ ரேஷியோ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 1.2 என்றால், படத்தின் அகலத்தைப் போல் 1.2 மடங்கு தூரம். 87 அங்குல அகலத்துக்கு எட்டே முக்கால் அடி. எங்கள் அறையில் அது சரியாகப் பின்சுவரின் அலமாரித் தட்டுக்கு வந்தது. கூரையில் தொங்கவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் ஆசைப்பட்டார். மின்விசிறி குறுக்கே வரும், வாடகைக்கு இருப்பவர்களுக்குத் துளை போடும் தொல்லை வேறு. தட்டே போதும். கோணலாக வைத்துவிட்டு கீஸ்டோன் பொத்தானால் படத்தை நிமிர்த்தலாம்தான், ஆனால் அப்படி நிமிர்த்தும்போது கருவி தன் புள்ளிகளில் ஒரு பகுதியை அணைத்துப் போட்டுத்தான் சதுரமாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய இருபது லட்சத்தில் கொஞ்சம் வீணாகும், எழுத்தின் விளிம்பும் குழையும். திரையின் நடுவுக்கு நேராக, தரைக்குச் சமமாக, லெவல் பார்த்து வைத்துவிட்டால் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். மாதம் ஒரு முறை காற்று வடிகட்டியின் தூசியைத் தட்ட வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒன்று மட்டும். கருவிக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கர் பேசினால் குரல் நமக்குப் பின்னாலிருந்து வரும். தியேட்டர் திரையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுவதும் பொடித் துளைகள்; ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருக்கும், பேசுகிற வாயிலிருந்தே குரல் வர வேண்டும் என்பதற்காக. பழைய ஸ்டீரியோ ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் இரண்டு ஸ்பீக்கரையும் சுவருக்குக் கீழே இடமும் வலமும் வைத்து, சுவரோரமாக ஒயர் இழுத்தேன். புளூடூத்தில் இணைத்தால் உதடு முந்தும், சொல் பிந்தும். ஒயர் பார்வைக்குக் கொஞ்சம் அசிங்கம், கேட்பதற்கு அதுதான் சரி.

இடையில் டெக்குக் காலம் ஒன்று வந்து போனது. எண்பதுகளில் கலர் டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று கேசட், தெருவே திரண்டு உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தோம். அதற்கு இருட்டு தேவைப்படவில்லை, தெருவிளக்கின் கீழேயே ஓடியது. பிறகு வீட்டுக்கு ஒரு டிவி, அறைக்கு ஒரு டிவி, ஆளுக்கு ஒரு போன். ஒவ்வொரு முறையும் படம் தெளிவானது, பக்கத்தில் உட்காருகிறவர் எண்ணிக்கை குறைந்தது. ஊரில் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பிலிம் சுருளே போய்விட்டது. சென்னையில் உருவான க்யூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்த பிறகு சுருள் சுமந்து பஸ்ஸில் வரும் ஆளும் இல்லை, பெட்டிக்கடையில் துண்டும் இல்லை. பேரனிடம் ஒரு துண்டு பிலிம் காட்ட மதுரையில் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். ஒரு சுருள் முடிந்தால் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்ட வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு எங்களுக்குப் பல இடைவேளை. முறுக்குக்காரர், சோடா கலர்க்காரர், நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் ஓடிப்போய் ஐந்து காசு வாங்குவது, உட்காருவதற்கு முன் மணலைக் குவித்து மேடையை மறுபடி உயர்த்துவது, இதுவரை நடந்த கதையைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்வது. அந்த நிறுத்தங்களைக் குறை என்று யாரும் எண்ணியதாக எனக்கு நினைவில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி எங்கள் நடு அறையில் படம். பேரன், அவன் கூட்டாளிகள், மாடியிலிருந்து இரண்டு குடும்பம், ஊரிலிருந்து வந்திருந்தால் அண்ணனும் மதினியும். நாற்காலி போதாது, பாய்தான். பழைய படம் என்றால் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் மங்கிய பிரதி. நூறு அங்குலத்தில் அதன் கீறலும் கட்டமும் பெரிதாகத் தெரியும் என்பதால் படத்தை எண்பதுக்குச் சுருக்கி, கறுப்பு அட்டையையும் உள்ளே நகர்த்திக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை, 'இடைவேளை' என்ற எழுத்து திரையில் வந்தவுடன் நிறுத்தி விளக்கைப் போட்டேன். "எதுக்கு தாத்தா நிறுத்துனீங்க, அப்படியே ஓடட்டுமே" என்றான் பேரன். அதற்குள் பெரியவர்கள் எல்லோரும் எழுந்தாகிவிட்டது. மதினி அடுப்படிக்குப் போனார். மாடி வீட்டு அம்மா கைமுறுக்கு டப்பாவைத் திறந்தார். அண்ணன், இந்தப் படத்தை எந்த வருஷம், யார் யாரோடு, எந்த மாட்டு வண்டியில் போய்ப் பார்த்தோம் என்று ஆரம்பித்தார். அந்த வண்டிக்காரர், அவருடைய மகள், அவளைக் கட்டிக்கொடுத்த ஊர், அந்த ஊர்க் கொட்டகை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பையன்கள் புரொஜெக்டர் வெளிச்சத்தில் கையை நீட்டி மானும் நாயும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. காப்பி இரண்டாம் முறை வந்தது. மணி பதினொன்றைத் தாண்டியபோது யாருக்கோ மீதிப் படம் நினைவு வந்தது. அதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார், எல்லோரும் சரி என்றார்கள்.